கிழக்கே கோட்டை வாசல்

பாறசாலையில் பஸ் ஏறுகிறோம். நடத்துனர் வருகிறார். "எங்கே?" என்று கேட்கிறார். "கிழக்கே கோட்டை" என்று சொல்கிறோம். சீட்டு கொடுக்கிறார். காசு கொடுக்கிறோம்.

உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம், கரமனை. இத்தனை ஊரும் தாண்டி பஸ் நிற்கிறது. இறங்குகிறோம். அவரவர் வேலையைப் பார்க்கப் போகிறோம்.

எங்கள் மாலை வகுப்பில் ஒரு மாமி இருக்கிறார். வாழையிலை விற்கிறார். வாரத்தில் மூன்று நாள் இலைக்கட்டோடு திருவனந்தபுரம் போவார். பஸ்ஸின் முன் பலகையில் உள்ள எழுத்து மலையாளம். ஆனால் சொல் நமக்கும் தெரிந்த சொல்தான். அதை ஒருநாள் அவரே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார். அன்று மாலை வகுப்புக்கு வந்ததும் என்னிடம் கேட்டார்:

"மக்களே, தெனமும் கிழக்கே கோட்டை, கிழக்கே கோட்டைன்னு சொல்லி பஸ்ஸு ஏறுதோம். அங்க கோட்டை எங்கே இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நானும் நூறு தடவை அங்கே போய் இறங்கியவள்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதற்கென்றே போய்ப் பார்த்தேன். பிறகு புத்தகங்களையும் புரட்டினேன். தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

கோட்டை எது? வாசல் எது?

பஸ்ஸை விட்டு இறங்கி மேற்குப் பக்கம் பாருங்கள். சாலையின் குறுக்கே வெள்ளையடித்த ஒரு பெரிய கட்டடம் நிற்கும். நடுவில் வளைவான வழி. அந்த வழியில் மனிதர்கள் போகிறார்கள், ஆட்டோ போகிறது, பைக் போகிறது. அதுதான் கிழக்கே கோட்டை. உண்மையில் அது கோட்டை அல்ல. கோட்டையின் கிழக்கு வாசல்.

பத்மநாபசுவாமி கோயில், குளம், அரண்மனைகள், நான்கு பக்கத் தெருக்கள் எல்லாவற்றையும் வளைத்து முன்பு ஒரு மதில் இருந்தது. மதிலுக்கு உள்ளே இருந்த ஊர்தான் கோட்டை. உள்ளே போக வாசல்கள் வைத்தார்கள். கிழக்கே இருப்பது கிழக்கே கோட்டை. மேற்கே இருப்பது மேற்கே கோட்டை. மலையாளத்தில் படிஞ்ஞாறே கோட்டை என்பார்கள். தெற்குப் பக்கம் ஒரு வழி உண்டு. அதன் பெயர் வெட்டிமுறிச்ச கோட்டை. அதாவது மதிலை வெட்டி முறித்து உண்டாக்கிய வழி. பெயரைப் படித்தாலே கதை தெரிந்துவிடுகிறது, பார்த்தீர்களா?

காலப்போக்கில் ஊர் பெருத்தது. பல இடங்களில் மதில் மறைந்தது. சில இடங்களில் துண்டு துண்டாக நிற்கிறது. வாசல்கள் நிற்கின்றன. அதனால்தான் மாமியின் கண்ணில் கோட்டை படவில்லை. மாமி தேடியது பெரிய மதிலை. நிற்பது கதவின் நிலை.

கட்டியது யார்?

இந்தக் கோட்டைக்கான வேலையைத் தொடங்கியவர் மார்த்தாண்டவர்மர். 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட அரசர். அவருக்குப் பின் வந்த கார்த்திகைத் திருநாள் ராமவர்மர் காலத்திலும் வேலை தொடர்ந்தது. இந்த ராமவர்மரைத் தர்மராஜா என்றும் சொல்வார்கள்.

மார்த்தாண்டவர்மரை நெய்யாற்றின்கரைக்காரர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கிருஷ்ணசுவாமி கோயிலில் நிற்கும் அம்மச்சிப் பிலாவைப் பார்த்திருப்பீர்கள். எதிரிகள் துரத்தியபோது அந்தப் பலாமரத்தின் பொந்தில் அவர் ஒளிந்து தப்பினார் என்பது நம் ஊர்க் கதை. மரப்பொந்தில் ஒளிந்த மனிதர் பிறகு கல்லால் கோட்டை கட்டினார். அவருக்கு அந்தப் பயம் போகவில்லை போலும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அவருக்கு எதிரிகள் உள்ளேயும் இருந்தார்கள், வெளியேயும் இருந்தார்கள். கடல் வழியாக டச்சுக்காரர்கள் வந்தார்கள். டச்சுக்காரர்கள் என்றால் ஹாலந்து நாட்டு வணிகக் கம்பெனிக்காரர்கள். மிளகுக்காக வந்தவர்கள். 1741-இல் குளச்சலில் சண்டை நடந்தது. டச்சுப் படை தோற்றது. அதில் பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். அவரை அரசர் கொல்லவில்லை. தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். பிடிபட்டவர் பெரிய படைத்தலைவர் ஆனார். "வலிய கப்பித்தான்" என்று ஜனங்கள் அழைத்தார்கள். திருவிதாங்கூரின் கோட்டைகள் பலவற்றை அவர் பலப்படுத்தினார். 1777-இல் இறந்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. தக்கலை பக்கம் போனால் பார்க்கலாம். கல்லில் தமிழ் எழுத்தும் உண்டு.

1750-இல் மார்த்தாண்டவர்மர் இன்னொரு காரியம் செய்தார். நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்தார். இனி அரசர் சாமியின் தாசன் என்றார். அதற்குப் பிறகு கோயிலும் ஆட்சியும் ஒன்றாகப் பிணைந்துவிட்டன. தலைநகரம் அப்போது பத்மநாபபுரத்தில் இருந்தது. தர்மராஜா ஆண்டபோது அது திருவனந்தபுரத்துக்கு மாறியது. அதனால் இந்த வாசலுக்கு மதிப்பு கூடிற்று. அதற்குள்தான் சாமி, அதற்குள்தான் ராஜா, அதற்குள்தான் கஜானா.

வாசலின் வேலை

வீட்டில் திருடன் வருவது எதன் வழியாக? சுவரை உடைப்பது கஷ்டம். கதவைத்தான் பார்ப்பான். கோட்டைக்கும் அப்படித்தான். மதில் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வாசல்தான் பலவீனமான இடம். அதனால் அந்தக் காலத்துக் கோட்டை வாசல்களில் அதிகக் கவனம் செலுத்தினார்கள். இரண்டு பக்கமும் கனத்த சுவர். கனத்த மரக்கதவு. யானை வந்து முட்டாமல் இருக்கக் கதவில் இரும்பு முள் அடிப்பதும் உண்டு. பெரிய கதவுக்குள்ளேயே ஒரு சின்னக் கதவு இருக்கும். திட்டிவாசல் என்று அதற்குப் பெயர். பெரிய கதவைப் பூட்டிய பிறகு ஆள் ஒருவர் தலை குனிந்து நுழைய அது போதும். தலை குனிந்து வருகிறவனைக் காவலாளி நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

வாசலில் ஆளை நிறுத்துவார்கள். பெயர் கேட்பார்கள். மூட்டையைப் பார்ப்பார்கள். பல நாடுகளில் சரக்குக்கு வரியும் அங்கேதான் வாங்கினார்கள். அமரவிளையில் லாரிகள் வரிசையாக நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரிச் சாவடி போய்விட்டது. அதுவும் ஒருவகைக் கோட்டை வாசல்தான். மதில் மட்டும் இல்லை.

சாலைக் கடைத்தெரு

வாசலுக்கு உள்ளே சாமியும் ராஜாவும். வாசலுக்கு வெளியே? வியாபாரம்.

தர்மராஜாவிடம் திவானாக இருந்தவர் ராஜா கேசவதாசர். 1745-இல் விளவங்கோடு பக்கத்தில் பிறந்தவர், நம் பக்கத்து ஆள். கிழக்கு வாசலுக்கு வெளியே பெரிய சந்தை ஒன்றை உண்டாக்கியவர் அவர். அதுதான் சாலைக் கடைத்தெரு. கோயிலுக்கும் கோட்டைக்கும் தினமும் அரிசி வேண்டும், தேங்காய் வேண்டும், காய்கறி வேண்டும். அதெல்லாம் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மாட்டு வண்டியிலும் தலைச்சுமையாகவும் வந்தன. தமிழ் வியாபாரிகள் வந்து கடை போட்டார்கள். இன்றைக்கும் சாலையில் நடந்தால் தமிழ் காதில் விழும். காய்கறி லாரிகளும் நம் வழியாகத்தான் போகின்றன.

பாலராமபுரத்துத் துணியின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். பாலராமவர்மர் 1798 முதல் 1810 வரை அரசராக இருந்தார். அவர் காலத்தில் தெற்கேயிருந்து நெசவாளர் குடும்பங்களை வரவழைத்துக் குடி வைத்தார்கள். அரண்மனைக்குத் துணி நெய்வது அவர்கள் வேலை. இந்தக் காரியத்தைச் செய்தவர் திவான் உம்மிணித்தம்பி. அரசரின் பெயரே ஊரின் பெயர் ஆயிற்று. நெய்தவர்கள் வெளியே இருந்தார்கள். நெய்த துணி வாசலுக்குள் போயிற்று.

1799-இல் வந்த கூட்டம்

அந்தப் பாலராமவர்மர் சின்ன வயதில் அரசரானவர். அவரைச் சுற்றி மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். ஜெயந்தன் சங்கரன் நம்பூதிரி, தச்சில் மாத்துத் தரகன், சங்கரநாராயணன் செட்டி. கஜானா காலியாகிவிட்டது என்று சொல்லி, வசதியுள்ளவர்களையும் அதிகாரிகளையும் கூப்பிட்டு "பணம் கட்டு" என்றார்கள். கட்டாதவர்களை அடித்தார்கள்.

இரணியல் காரியக்காரர் வேலுத்தம்பியையும் கூப்பிட்டார்கள். காரியக்காரர் என்றால் இன்றைய தாசில்தார் மாதிரி. அவர் தலக்குளத்துக்காரர். "மூன்று நாள் தவணை கொடுங்கள்" என்று கேட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். திரும்பி வந்தபோது பணம் கொண்டுவரவில்லை. ஜனங்களைக் கொண்டுவந்தார். நாஞ்சில் நாட்டு விவசாயிகள் பெருங்கூட்டமாகத் திருவனந்தபுரத்துக்கு வந்து கோட்டைக்கு வெளியே கூடிவிட்டார்கள். மந்திரிகளை நீக்கு, அநியாய வரியை நிறுத்து என்றார்கள்.

உள்ளே காவல் இருந்தது. மதில் இருந்தது. இருந்தும் அரசர் இறங்கி வந்தார். மந்திரி நீக்கப்பட்டார். மற்ற இருவரையும் கூட்டத்திடம் ஒப்படைத்தார்கள். அவர்களுடைய காதை அறுத்தார்கள் என்று வரலாறு சொல்கிறது. அந்தத் தண்டனை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும் அல்லவா? வேலுத்தம்பி பிறகு தளவாய் ஆனார். அவரும் கடுமையான ஆட்சிதான் நடத்தினார். 1809-இல் ஆங்கிலேயரை எதிர்த்துச் சண்டையிட்டு உயிரை விட்டார்.

எதிரிப் படையைத் தடுப்பதற்காகக் கட்டிய மதில் அது. அதன் முன்னே சொந்த நாட்டு விவசாயி வந்து நின்றபோது அது பயன்படவில்லை.

தூரத்தில் ஒரு வாசல்

நம் வாசலைக் கொஞ்ச நேரம் இங்கே விட்டுவிட்டுக் கடல் கடந்து போய் வருவோம். உலகத்தில் இன்னும் எத்தனையோ பழைய ஊர்களில் இப்படி வாசல்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது.

இத்தாலி நாட்டில் ரோம் என்று ஒரு நகரம். 2,000 ஆண்டுகளுக்கு முன்னால் அது பெரிய பேரரசின் தலைநகரம். நம் மலைநாட்டு மிளகு கப்பலேறி அங்கே போயிற்று. பதிலுக்கு அவர்களுடைய பொற்காசுகள் இங்கே வந்தன. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மண்ணைத் தோண்டும்போது அந்தக் காசுகள் கிடைத்திருக்கின்றன.

அந்த ஊரில் ஒரு வாசலின் பெயர் போர்ட்டா மஜோரே. பெரிய வாசல் என்று பொருள். ஆனால் அது வாசலாகப் பிறக்கவில்லை. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரப் பிறந்தது. மலையிலிருந்து தண்ணீரைக் கொண்டுவர அவர்கள் உயரமான கல் கால்வாய்கள் கட்டினார்கள். ஓர் இடத்தில் கால்வாய்க்குக் குறுக்கே இரண்டு சாலைகள் போயின. சாலையை அடைக்க முடியாது. அதனால் அங்கே இரண்டு பெரிய வளைவுகள் கட்டி, அவற்றின் தலைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கால்வாய்களை ஓடவிட்டார்கள். கீழே வண்டி போகும், மேலே தண்ணீர் போகும். கி.பி. 52-இல் கிளாடியஸ் என்ற பேரரசர் காலத்தில் அது முடிந்தது.

200 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ரோமுக்குப் பகைவர் பயம் வந்துவிட்டது. அவுரேலியன் என்ற பேரரசர் 271-இல் ஊரைச் சுற்றி மதில் கட்டத் தொடங்கினார். மதிலின் நீளம் ஏறக்குறைய 19 கிலோமீட்டர். அதாவது நெய்யாற்றின்கரையிலிருந்து கிழக்கே கோட்டை வரைக்கும் கிட்டத்தட்ட ஒரே சுவர். அவசர வேலை. அதனால் வழியில் ஏற்கெனவே இருந்த கட்டடங்களை மதிலுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். தண்ணீர் வளைவுகள் அப்படித்தான் கோட்டை வாசல் ஆயின.

இதில் எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. அந்த வாசலை ஒட்டி ஒரு ரொட்டிக்காரரின் கல்லறை இருக்கிறது. அவர் பெயர் யூரிசாசிஸ். அரசர் அல்ல, படைத்தலைவர் அல்ல. ரொட்டி சுட்டுப் பணம் சேர்த்தவர். ஒருகாலத்தில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவராக இருக்கலாம் என்கிறார்கள். அவருடைய கல்லறைச் சுவரில் என்ன செதுக்கியிருக்கிறார்கள் தெரியுமா? தானியத்தை அளக்கிறார்கள். மாவு பிசைகிறார்கள். அடுப்பில் ரொட்டியை வைக்கிறார்கள். ரொட்டியை நிறுக்கிறார்கள். வேலை செய்கிற கைகள்தான் சுவரெங்கும்.

அந்தக் கல்லறை வாசலைவிடப் பழையது. பின்னால் வந்த ஒரு பேரரசர் வாசலைப் பலப்படுத்தக் காவல் கோபுரம் கட்டினார். கோபுரத்துக்குள் கல்லறை புதைந்துபோயிற்று. 1,400 ஆண்டுகளுக்கு மேல் அது வெளியே தெரியவில்லை. 1838-இல் பிற்காலக் கட்டடங்களை இடித்தபோது உள்ளே ரொட்டிக்காரர் பத்திரமாக இருந்தார். இப்போது அந்த வாசலைச் சுற்றி டிராம் வண்டிகள் போகின்றன. நம் வாசலின் முன்னால் பஸ்கள் நிற்பதுபோல.

எல்லா வாசலுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. மதுரையைச் சுற்றியும் பெரிய கோட்டை இருந்தது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த இடங்களில் தெருக்கள் உண்டாயின. வெளிவீதி என்று பெயர் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சரி, நம் வாசலுக்குத் திரும்புவோம்.

சாமி நடந்து வரும் வழி

புரட்டாசி மாதம் வந்தால் நம் ஊர்ச் சாலையில் சாமி நடந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன், வேளிமலையிலிருந்து குமாரசுவாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை. மூவரும் நவராத்திரிக்காகத் திருவனந்தபுரம் போகிறார்கள். தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து மாறிப்போனபோது பூஜையும் அங்கே மாறிற்று. சாமி மட்டும் ஆண்டுதோறும் இங்கிருந்து நடந்து போய்த் திரும்பி வருகிறது.

முதல் நாள் இரவு குழித்துறை. இரண்டாம் நாள் களியக்காவிளை எல்லை தாண்டி, பாறசாலை தாண்டி, நெய்யாற்றின்கரையில் தங்கல். மூன்றாம் நாள் மாலை கோட்டை. அம்மன் யானை மேல், மற்ற இருவர் பல்லக்கில். எல்லையில் தமிழ்நாட்டுப் போலீசும் கேரளப் போலீசும் சேர்ந்து நின்று மரியாதை செய்கிறார்கள். குமாரசுவாமி ஆரியசாலையில் தங்குகிறார். நங்கை செந்திட்டையில் தங்குகிறாள். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்குப் போகிறாள்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. சொந்தபந்தம் இரண்டு பக்கமும் பிரிந்தது. நம் வீடுகளில் பெண் எடுத்ததும் கொடுத்ததும் அதனால் நிற்கவில்லை. சாமியின் நடையும் நிற்கவில்லை.

யார் உள்ளே போகலாம்?

இதுவரை சொன்னது ராஜாக்கள் கதை, சாமி கதை. இனிச் சொல்வது நம் பாட்டன் பாட்டிகளின் கதை.

வகுப்பில் இந்த வாசலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மாமி திடீரென்று சொன்னார்: "எங்க பாட்டி உப்பு சுமந்து சாலை வரை போவா. வாசலுக்கு அந்தப் பக்கம் போனதே இல்ல. கேட்டா, அது நமக்குள்ள எடம் இல்ல மக்களேன்னு சொல்லுவா."

நமக்குள்ள இடம் இல்லை. ஏன்?

திருவிதாங்கூரில் சாதிக்கட்டுப்பாடு மிகக் கொடுமையாக இருந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் கோயிலுக்குள் போக முடியாது. கோயிலைச் சுற்றியுள்ள வழிகளில் நடக்க முடியாது. பல பொதுச் சாலைகளில்கூட நடக்கவிடவில்லை. எதிரே மேல்சாதிக்காரர் வந்தால் இத்தனை அடி தூரம் விலகி நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. கோட்டை வாசலில் கதவு திறந்தே கிடந்தாலும் அவர்களுக்கு அது மூடிய கதவுதான். மதில் கண்ணுக்குத் தெரிந்தது. இந்தக் கதவு கண்ணுக்குத் தெரியவில்லை.

அதைத் தட்டியவர்களில் பலர் நம் பக்கத்துக்காரர்கள். நெய்யாற்றங்கரையில் அருவிப்புறத்தில் 1888-இல் ஸ்ரீநாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்தார். கோயிலுக்குள் விடாதவர்களிடம் கெஞ்சாமல் தாமே கோயில் உண்டாக்கினார். வெங்ஙானூரில் 1863-இல் பிறந்தவர் அய்யன்காளி. 1893-இல் அவர் ஒரு வில்வண்டி வாங்கினார். நல்ல வேட்டி கட்டி, தலைப்பாகை கட்டி, தம் மக்கள் நடக்கக்கூடாது என்று சொன்ன பொதுச் சாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். தடுத்தார்கள். அவர் திரும்பவில்லை.

சாலை திறந்தால் போதுமா? பள்ளிக்கூடம்? 1910-இல் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி ஊரூட்டம்பலம் பள்ளியில் கொண்டுபோய் உட்கார வைத்தார். அந்தப் பள்ளிக்குத் தீ வைத்துவிட்டார்கள். ஒரு சின்னப் பெண் பெஞ்சில் உட்கார்ந்ததற்காக! 2022-இல் அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். வகுப்பில் இதைப் படித்தபோது யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

1924-இல் வைக்கம் என்ற ஊரில் கோயில் வழியில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஈ.வெ.ரா. பெரியாரும் அதில் கலந்துகொண்டு சிறை சென்றார். அந்த ஆண்டு நவம்பர் மாதம் இரண்டு ஊர்வலங்கள் திருவனந்தபுரத்தை நோக்கி வந்தன. வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையில் ஒன்று. தெற்கே நாஞ்சில் நாட்டிலிருந்து டாக்டர் எம்.இ.நாயுடு தலைமையில் இன்னொன்று. இதில் வந்தவர்கள் மேல்சாதிக்காரர்கள். "எங்களோடு பிறந்த மனிதர்களுக்கும் வழியைத் திறந்துவிடுங்கள்" என்று அவர்களே கேட்க வந்தார்கள். 25,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்ட மனுவைச் சேது லட்சுமிபாய் மகாராணியிடம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு சட்டசபையில் வாக்கெடுப்பு நடந்தது. ஒரே ஒரு வாக்கில் தீர்மானம் தோற்றது. ஒரு வாக்கு!

பிறகும் பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. 1936 நவம்பர் 12-ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவு அறிவிப்பை வெளியிட்டார். அரசின் கையில் உள்ள கோயில்களில் இந்துக்கள் யாரையும் சாதியைச் சொல்லித் தடுக்கக்கூடாது என்றது அந்த அறிவிப்பு. 1937 ஜனவரியில் காந்தி வந்தார். பத்மநாபசுவாமி கோயிலுக்குள் போனார். மற்றவர்களை விடாத கோயிலுக்குள் நானும் போகமாட்டேன் என்று அதுவரை சொல்லிவந்தவர் அவர். கிழக்கே கோட்டை வாசலுக்கு வெளியே இன்று காந்தி பார்க் இருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நாம் உட்காருகிறோமே, அந்த இடம்தான்.

கதவைத் திறந்ததும் எல்லோரும் உள்ளே ஓடிவிடவில்லை. மாமியின் பாட்டி அறிவிப்புக்குப் பிறகும் உள்ளே போகவில்லையாம். "பழகிப் போச்சு" என்று சொல்வாராம்.

பஸ் வந்தது

1938 பிப்ரவரி 20-ஆம் தேதி திருவிதாங்கூர் அரசு பஸ் ஓட்டத் தொடங்கியது. முதலில் ஓடிய வழி எது தெரியுமா? நம் வழிதான். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரி. முன்பு மாட்டு வண்டியிலும் நடந்தும் போன பாதை அது. பஸ்ஸில் காசு கொடுத்தவர் யாரும் பக்கத்தில் உட்காரலாம். தள்ளி உட்கார இடம் ஏது? அந்த அரசு பஸ்தான் பின்னால் கே.எஸ்.ஆர்.டி.சி. ஆயிற்று. 1979-இல் ரயிலும் பாறசாலை வழியாக ஓடத் தொடங்கியது. ஆனாலும் கோட்டை வாசலுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுவது பஸ்தான்.

போன மாதம் நாங்கள் ஐந்து பேர் வகுப்பிலிருந்து சேர்ந்து போனோம். மாமியும் வந்தார், இலைக்கட்டோடுதான். வாசல் வளைவுக்குள் நின்றோம். நேரே கோயில் கோபுரம் தெரிந்தது. கொஞ்சம் உள்ளே நடந்தால் குளத்தங்கரையில் மேத்தன் மணி. தாடி வைத்த முகம், மணி அடிக்கும்போது வாயைத் திறக்கும். இரண்டு பக்கமும் ஆட்டுக்கடா வந்து கன்னத்தில் முட்டும். சின்னப் பிள்ளைகள் மாதிரி அதற்காகக் காத்து நின்றோம்.

திரும்பும்போது மாமி வாசலில் நின்றார். இலைக்கட்டைக் கீழே வைத்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எவ்வளவு தடிமன் என்று கையை நீட்டி அளந்தார். கை எட்டவில்லை.

"நல்ல குளுமை" என்றார். பிறகு கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "வாங்க மக்களே, சாலைக்குப் போவோம். எலை வாடிப் போவும்."